புழக்கடையும் வீட்டுப் பிராணிகளும்

தோட்டத்துச் சாளையில் விடிந்தும் விடியாத வேளையில் நாய் ஒரே இடத்தை நோக்கி நின்று குரைக்குமாயின், வீட்டார் முதலில் கையில் எடுத்துக்கொள்வது தடி. சோளத்தட்டுப் போரின் அடியிலோ, கட்டுத்தரை மூலையிலோ, கிளுவை வேலி ஓரத்திலோ ஏதேனும் ஊர்ந்து செல்லக் கண்டால், அது இன்னதென்று நிதானிப்பதற்கு முன்னரே அடி விழுந்துவிடுகிறது. அடித்துப் போட்ட பின்பு சுற்றி நிற்கும் நாலைந்து பேரில் ஒருவர் நாகம் என்பார். மற்றொருவர் விரியன் என்பார். வயதான பெரியவர் ஒருவர் கோலால் புரட்டிப் பார்த்து, "சாரைதானப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சாரை தோட்டத்தில் இருந்த வரையில் தென்னை மரமேறிய எலிகளில் எத்தனையைத் தின்றிருக்கும் என்ற கணக்கை எவரும் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் குரும்பைகள் எலி கடித்து உதிரும்போது கடைக்குப் போய் எலி மருந்து வாங்குகிறார்கள்.

மேற்சொன்ன சம்பவத்தில் நாய் தன் கடமையைக் குறைவின்றிச் செய்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறான ஜந்து ஒன்று இன்ன இடத்தில் இருக்கிறது என்று அது தெரிவித்தது. அந்த ஜந்து யாது, அதனால் நன்மையா தீமையா என்று கண்டு சொல்லவேண்டிய பாதி வேலை மனிதனுடையது. அதைத்தான் குடியானவர்கள் செய்யாமல் விடுகிறார்கள். நாய், பூனை, கோழி, வெள்ளாடு, பசு ஆகிய இவை ஐந்தும் இராப்பகலாகப் புழக்கடையைச் சோதித்துக்கொண்டிருக்கும் சம்பளமில்லாத காவலாட்கள். இவை காட்டுவதைப் பார்த்துப் பெயரறிந்து வைத்துக்கொள்வது பொழுதுபோக்கென்று பலர் நினைக்கலாம். திருப்பூர் ஜில்லாவின் இன்றைய நிலைமையில் இது உயிருக்கும் பயிருக்கும் வேண்டிய ஜாக்கிரதை என்பதே சரியான அபிப்பிராயமாகும்.

முன்னோர்கள் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் என்பதற்குச் செடிகொடிகளின் பெயர்களே சாட்சி. வேலியோரத்தில் படரும் ஒரு கசப்புப் பூண்டுக்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். ஆட்டின் பின்னால் நடந்து, எதைக் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது என்று பார்த்தவரன்றி இப்பெயரை வேறு யார் இட்டிருக்க முடியும்? ஆடாதொடையும் அவ்வகையதே. குப்பைமேனியைப் பிடுங்கி வேரை வெளியே காட்டினால் பூனை ஓடிவந்து அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும். அதனால் அதற்குப் பூனைவணங்கி என்று மற்றொரு பெயர் வழங்கலாயிற்று. நாயுருவியின் விதை நாயின் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டம் வரை பிரயாணம் செய்வதை யாரும் பார்க்கலாம். நாய்க்கடுகு, பூனைக்காலி, கோழிக்கீரை என்று இவ்வரிசை நீளும். பறவைகளிலும் அப்படியே. மாட்டின் மேலுள்ள உண்ணியைப் பொறுக்கும் கொக்கு உண்ணிக்கொக்கு. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. புத்தகமும் பூதக்கண்ணாடியும் இல்லாத காலத்தில், பட்டி மேய்த்தவர்களும் மாடு பிடித்தவர்களும் இட்ட பெயர்கள் இவை.

ஆடுதின்னாப்பாளையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லத் தகும். ஆடு ஒதுக்கும் இப்பூண்டைச் சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் மட்டும் விரும்பித் தின்னும். கரிய இறக்கையும் சிவந்த உடலும் கொண்டு புழக்கடையில் மெதுவாகப் பறக்கும் பூச்சி அவற்றுள் ஒன்று. பூண்டிலுள்ள நஞ்சு புழுவின் உடலில் தங்கிப் பூச்சிக்கும் இறங்குவதால், ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடாது. இப்பூண்டின் சத்து மனிதரின் சிறுநீரகங்களைக் கெடுக்கும் என்று தற்கால வைத்திய ஆராய்ச்சி கண்டிருக்கிறது. ஆகையால் புழுக்கொல்லி என்று எண்ணி இதை அரைத்துக் குடிக்கும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் கைவிடவேண்டும். ஆடு சொன்னதை மனிதன் கேட்டிருந்தால் போதுமானதாயிருந்திருக்கும்.

இந்த அறிவு கொங்கு நாட்டில் வெகு வேகமாகக் குறைந்துவருகிறது. காரணம் மறைவானதன்று. பனியன் கம்பெனிகளும், நூற்பு ஆலைகளும், பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களும் ஒரு தலைமுறை முழுவதையும் ஆடு மாடுகளின் பின்னாலிருந்து அழைத்துக்கொண்டுவிட்டன. அதனால் வந்த வருமானத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கும் மற்றப் புல்லுக்கும் வித்தியாசம் தெரிந்த பாட்டனாரின் பேரன், காஜா எடுப்பதில் தேர்ந்தவனாயும் வாசற்படியில் கிடக்கும் பாம்பின் பெயர் தெரியாதவனாயும் இருக்கிறான். தவிர, தோட்டத்தில் ஒரு பகுதியைப் பிரித்து லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நிலச்சொந்தக்காரர்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். அவற்றில் குடியிருப்போர் தென் ஜில்லாக்களிலிருந்தும், பீகார், ஒரிஸ்ஸா முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்தவர்கள். இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் வரப்பு வழியே வருகிறார்கள். தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மண்ணின் ஜந்துக்களைச் சொல்லித்தர வேறு ஆளில்லை. இதில் நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு சிறிதன்று.

பாம்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 வருஷங்களில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டிருக்கலாமென்று 2020-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம், பாம்புக்கடியைச் சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டியவற்றின் ஜாபிதாவில் சேர்த்தது. இத்தனை மரணங்களுக்கும் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுபவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கே. தோட்டத்தில் அடிபட்டுச் சாகும் பாம்புகளோ இந்நான்கோடு நிற்பதில்லை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, பச்சைப்பாம்பு, கொம்பேறி என்று விஷத்தால் மனிதனைக் கொல்லாத பலவும் ஒரே கணக்கில் தீர்க்கப்படுகின்றன.

சாரையை அறிவது கஷ்டமன்று. பகலில் நடமாடும், கண் பெரியது, கருமணி வட்டமானது, உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் இருக்கும், உடலின் பின்பாதியில் கறுத்த வலை போன்ற பட்டைகள் தெரியும். நாய் எதிர்ப்பட்டால் நின்று சண்டையிடுவதைவிட ஓடி ஒளியவே பார்க்கும். சாரையும் நாகமும் பின்னிப் பிணைகின்றன என்று கிராமங்களில் சொல்லுவதும், அதன்மேல் துணி போட்டு எடுத்தால் அதிர்ஷ்டமென்று நம்புவதும் உண்டு. அவ்வாறு பின்னிக்கொண்டு எழுந்து நிற்பவை இரண்டு ஆண் சாரைகள்; அது மல்லுக்கட்டு. சாரைக்கும் நாகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சாரையும் மற்றப் பாம்புகளும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதையும் கிராம உத்தியோகஸ்தர்கள் ஞாபகத்தில் வைப்பது நலம்.

கட்டுவிரியன் விஷயம் வேறு. லைன் வீட்டுக்காரர்களுக்கு முதலில் சொல்லிவைக்கவேண்டியது இதுவே. இது இரவில் திரியும். தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல சமயங்களில் வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்றும், கண்ணிமை தூக்க முடியவில்லை என்றும் சொல்லும்போதுதான் தெரியவரும். கரிய உடலில் வெள்ளைக் கட்டுகள் கழுத்துக்குச் சற்றுப் பின்னால் மங்கலாகத் தொடங்கி, வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவடையும். பெரும்பாலும் இரண்டிரண்டாக நெருங்கியிருக்கும். சுவரேறிப் பல்லி பிடிக்கும் வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமற்ற சிறு பாம்பில் இது தலைகீழ்: கட்டுகள் கழுத்தருகிலேயே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். இவ்விரண்டையும் மாற்றி எண்ணினால், ஒரு பக்கத்தில் வீண் கொலையும் மறு பக்கத்தில் மனிதச் சாவும் நேரும். சந்தேகம் வந்தால் விஷப்பாம்பு என்றே கொண்டு விலகி நிற்கவேண்டும். இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் நின்று கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். நாயைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டுப் படமெடுக்கவேண்டும், ஏனெனில் எசமானன் அருகே வரவர நாய்க்குத் துணிச்சல் ஏறும். அவ்வாறு துணிந்து கடிபட்டுச் சாகும் தோட்டத்து நாய்கள் உண்டு.

கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பாம்பையும் அடித்து எடுத்துப் போகவேண்டுமென்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது அவசியமில்லை. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து மேற்படி நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்தே செய்யப்படுவது. 1978-ம் வருஷம் தொடங்கி, மகாபலிபுரத்துக்கு அடுத்த வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷம் இம்மருந்துக்குப் பயன்படுகிறது. பாம்பைத் துரத்துவதில் போக்கும் நேரம் நோயாளியின் நேரம். இறுகக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடா. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவர்களுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே சேர்ப்பிக்கவேண்டும். நாய்க்கும் மாட்டுக்கும் கால்நடை வைத்தியர்கள் இதே மருந்தையே போடுகிறார்கள்.

இனி ஓர் ஆட்சேபணை. பாம்பைப் பற்றிச் சொல்வது சரி. பட்டாம்பூச்சியும் குருவியும் பார்த்துக்கொண்டிருப்பது பட்டணத்துக் கனவான்களின் வேலையல்லவா, உழுகிறவனுக்கு அதில் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கிறார்கள். இக்கலையை வளர்த்தவர்களில் பலர் கிராமத்து மனிதர்கள் என்பதை அவர்கள் அறியார்கள். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். அவருடைய அத்தை வளர்த்த ஆமை ஒன்று 1780-ல் அந்த அம்மாள் காலமானபின் இவர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அது எப்போது மண்ணுக்குள் புதைகிறது, எப்போது வெளிவருகிறது, மழைக்கு முன் என்ன செய்கிறது என்றெல்லாம் ஒயிட் குறித்துக்கொண்டே வந்தார். வடிவத்தில் ஒன்றுபோலிருந்த மூன்று சிறு குருவிகளை அவற்றின் குரலைக் கொண்டு மூன்று ஜாதி என்று பிரித்தறிந்தவரும் அவரே. மண்புழு நிலத்துக்குச் செய்யும் உபகாரத்தையும் எழுதினார். 1789-ம் வருஷத்தில் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. டிமதி என்று ஆண் பெயரிட்டு அழைத்த அந்த ஆமை பெண் என்பது அது இறந்தபின் ஓட்டைச் சோதித்தபோதுதான் தெரியவந்ததாம். ஆகவே தவறாகப் பெயரிடுவது பெரியோர்க்கும் நேர்வதே. தமிழ்நாட்டில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரர் மா. கிருஷ்ணன் 1950-ம் வருஷம் முதல் 1996-ல் காலமாகும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். யானையையும் மானையும் எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும், அணிலையும், வீட்டுப் பிராணிகளையும் எழுதினார்.

பிரயோஜனத்தையே கேட்பவர்கள் கோழியைக் கவனிப்பார்களாக. குஞ்சுகளோடு மேயும் பெட்டைக்கு ஆபத்தை அறிவிக்க இரண்டு குரல்கள் உண்டு. வானத்தில் பருந்தோ வல்லூறோ தோன்றினால் மெல்லிய, நீண்ட ஒரே இழுப்பாகக் கத்தும். குஞ்சுகள் அக்கணமே செடிக்கடியில் ஒளியும். நாயோ, கீரியோ, பூனையோ தரைவழியே வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். அப்போது மற்றக் கோழிகள் ஒளியாமல் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். அமெரிக்காவில் மார்லர், எவான்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இக்குரல்களைப் பதிவு செய்து, எதிரியே இல்லாத இடத்தில் கோழிகளுக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு குரலுக்கும் கோழிகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை 1993-ம் வருஷம் வெளியிட்டார்கள். கொங்கு நாட்டுப் பாட்டிமார் இதை அடுப்படியில் இருந்துகொண்டே அறிந்திருந்தார்கள். முதல் குரல் கேட்டால் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டாவது கேட்டால் வேலியைப் பார்ப்பார்கள். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் கொட்டகைக்குள் வளரும் கறிக்கோழிக்கு வானமே தெரியாதாகையால் அதனிடம் இப்பாடம் கற்க வழியில்லை. அதற்கு நாலு நாட்டுக்கோழியாவது வீட்டில் இருக்கவேண்டும்.

கோழி கொத்தித் தின்னும் தேளிலும் பேதம் உண்டு. பெரிய உடலும் தடித்த கொடுக்குக் கைகளும் உள்ள கருந்தேள் பார்க்கப் பயங்கரமாயிருந்தாலும் அவ்வளவு ஆபத்தானதன்று. மெலிந்த கைகளுடைய சிறிய செந்தேள்தான் குழந்தைகளின் உயிரையும் வாங்கக்கூடியது. அளவைப் பார்த்துப் பயப்படுவது தவறு என்பதைக் குழந்தைகளுக்கு இதைக் கொண்டே சொல்லலாம். செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி வாந்தியும் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

பூனை வேறு விதமான உதவி செய்கிறது. அது இரவில் பிடித்ததைக் காலையில் வாசலில் போட்டுவைக்கும். எலியைத் தின்றுவிட்டு மூஞ்சூற்றை மட்டும் கொன்றுவிட்டுத் தின்னாமல் விட்டிருந்தால், அதன் நாற்றமே காரணம். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் அப்போது எடுத்துப் பார்க்கலாம்: மூஞ்சூற்றுக்கு நீண்ட மூக்கும், கடுகு போன்ற கண்ணும், ஊசி போன்ற சிறு பற்களும் உண்டு. அதன் ஆகாரம் பெரும்பாலும் கரப்பான், பூச்சிகள் ஆகியவை. அதற்கும் எலிக்கும் ஒரே மருந்து வைப்பது அநியாயம். அரணையையும் பூனை கொண்டுவரும். அரணை கடித்தால் மரணம் என்பது எதுகைக்காகச் சொன்னதேயொழிய, அதற்கு விஷம் என்பதே கிடையாது. எலி மருந்தைப் பற்றியும் இங்கே எச்சரிக்கவேண்டும். மருந்து தின்ற எலியைப் பூனையோ, நாயோ, கூகையோ தின்றால் அவையும் சாகக்கூடும். இருக்கும் எலிக்கு மருந்து வைத்து, எலி தின்னும் பிராணிகளையெல்லாம் கொன்ற பின்பு எலியைத் தின்ன யாரும் மிஞ்சுவதில்லை.

பசு மேயும்போது அதன் காலடியில் எழும்பும் பூச்சிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்கு கூடவே நடக்கிறது. இரட்டைவால் கரிச்சான் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறது. 1912-ம் வருஷம் மேசன், மாக்ஸ்வெல் லெப்ராய் என்ற இருவர், பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பல ஜாதிப் பறவைகளின் இரைப்பையை அறுத்து, உள்ளேயிருந்ததை எண்ணி ஒரு பெரிய அறிக்கை எழுதினார்கள். பறவை பயிருக்கு நண்பனா விரோதியா என்பதை ஊகத்தால் அல்லாமல் வயிற்றைக் கொண்டே நிச்சயிப்பது அவர்கள் முறை. கரிச்சான் அதில் நல்ல பேர் வாங்கிய பறவைகளில் ஒன்று. குடியானவர் பறவையை அறுக்க வேண்டியதில்லை. மாடு மேய்க்கும் ஒரு மணி நேரம் அதைப் பார்த்திருந்தாலே போதும். மேய்ச்சல் முடிந்ததும் அதே கரிச்சானைக் கடலைக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் வரவழைக்க, பயிருக்கு மேலே தெரியும்படி ஆங்காங்கே குறுக்குக் கட்டையுடன் கூடிய கம்புகளை நட்டால், அதில் உட்கார்ந்து புழுக்களைப் பொறுக்கும். செலவு ஒன்றுமில்லை. செய்கிறவர்கள் ஏனோ சிலரே.

நாயைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இதுவா சமயம் என்று காங்கயம், வெள்ளகோயில் பக்கத்து விவசாயிகள் கேட்டால், அதில் நியாயமுண்டு. 2024, 2025-ம் வருஷங்களில் அப்பக்கங்களில் நாய்க் கூட்டங்கள் பட்டிகளுக்குள் புகுந்து செம்மறியாடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளைக் கொண்டுவந்து வைத்து விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியதும் எல்லாரும் அறிந்ததே. இறைச்சிக் கழிவைச் சாலையோரத்தில் கொட்டுகிறவர்களைத் தடுக்காத வரையில் இக்கூட்டங்கள் குறையா. அது கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சியாரும் செய்யவேண்டிய காரியம். இங்கே சொல்லப்படுவது சோறு வைத்து, தடுப்பூசி போட்டு, கட்டிவைத்து வளர்க்கும் வீட்டு நாய். அதுவும் அவிழ்த்துவிட்டால் தவறு செய்யும். பங்குனி முதல் ஆடி வரையில் கொறங்காட்டிலும் தரிசிலும் ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். கௌதாரியும் மறைவாகத் தரையிலேயே கூடு வைக்கும். நாயைத் துணைக்கு அழைத்துப்போகிறவர் அம்மாதங்களில் கயிற்றில் பிடித்துப்போவது நலம். ஆட்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டை அருகில் இருக்கிறது என்று அறிந்து, நாயை வேறு பக்கம் திருப்பவேண்டும். கீரியோடோ அந்நிய நாயோடோ கடிபட்டு வந்த நாயைக் கால்நடை வைத்தியரிடம் காட்டாமல் மஞ்சள் பூசி விட்டுவிடுவது வெறிநோயை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

கவனித்ததைக் குறித்துவைக்காவிட்டால் அடுத்த வருஷம் மறந்துபோம். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கமே போதுமானது. தேதி, இடம், எந்தப் பிராணி காட்டிற்று, என்ன கண்டது, என்ன செய்துகொண்டிருந்தது என்ற விவரங்களை இரண்டு வரிகளில் எழுதலாம். பெயர் தெரியாதபோது அவசரமாக ஒரு பெயரை எழுதாமல், தெரியவில்லை என்றே எழுதி, நிறத்தையும் அளவையும் குறிப்பதே நேர்மை. படம் எடுத்துக் கைப்பேசி வழியாகப் பெயர் கேட்டறிய ஐநேச்சுரலிஸ்ட், பறவைகளுக்கு ஈபேர்டு முதலிய பொது ஏடுகள் இன்று எவருக்கும் திறந்திருக்கின்றன. ஆயினும் வீட்டிலுள்ள பெரியவரை முதலில் கேட்பது சிலாக்கியம். அவர் சொல்லும் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளவேண்டும், ஏனெனில் அப்பெயர் வேறெங்கும் எழுதப்படாததாக இருக்கலாம். ஊத்துக்குளி சாலைக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளத்தில் பறவை பார்ப்போர் வருஷக்கணக்காகக் குறித்துவைத்த ஜாபிதாக்கள் வீண்போகவில்லை. அக்குளம் 2022-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ம் வருஷத்தில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நீர்நிலையாகவும் ஆயிற்று. லைன் வீட்டுக் குழந்தைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் ஒரியாப் பெயரும் ஹிந்திப் பெயரும் நோட்டில் ஏறட்டும். கட்டுவிரியனை எந்தப் பாஷையில் அடையாளம் கண்டாலும் சரியே.

உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், பல்லடம் தாலூகாக்களின் தென்னை விவசாயிகள் இந்த வேலையைக் குப்பைக்குழியிலிருந்தே தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு எருவைக் கிளறி அள்ளும் நாளில் கோழிகளைக் குழியருகே விட்டால், அவை முதலில் கொத்தி எடுப்பது பருத்த வெள்ளைப் புழுக்களை. அவற்றில் இரண்டு மூன்றைக் கோழியிடமிருந்து காப்பாற்றி, ஓடு ஒன்றின்மேல் விட்டுப் பார்க்கவேண்டும். முதுகைத் தரையில் வைத்து மல்லாந்தபடியே நகர்ந்து செல்வது பூவண்டின் புழு. அதனால் தென்னைக்குக் கெடுதி இல்லை. அவ்வாறு நகராமல் அரிவாள் போல் வளைந்து ஒருபக்கமாய்க் கிடக்கும் பெரிய புழு காண்டாமிருக வண்டினுடையதாயிருக்கும். அது இருக்கும் குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை இடவேண்டும். மீதியைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும்.